பட்டுக்கோட்டையில் இறங்கிய ஹரிகேன்!

"டேய் மச்சி, நாடியம்மன் கோவில் திருவிழாக் கடையில வாங்குனதா இது? எவ்ளோடா?"

மூணு வாரம்! ராத்திரி பகல் பார்க்காமல் உட்கார்ந்து, பசை நாற்றத்துக்காக அம்மாவிடம் தினம் ஒரு அர்ச்சனை வாங்கி, நான் கட்டி முடித்த போர் விமானத்தைக் கையில் எடுத்துப் பார்த்த நண்பன் கேட்ட முதல் கேள்வி இதுதான். வந்த கோபத்துக்கு அவனை அப்படியே புது ஆற்றில் தள்ளியிருப்பேன். ஆனால் அது மே மாசம். ஆற்றில் தண்ணி இல்லை. பிழைத்தான்!

கோபம் ஆறின பிறகு யோசித்தால், அவன் கேட்டதில் தப்பே இல்லை. பச்சையும் பழுப்பும் பளபளவென்று மின்ன, ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது என் விமானம். போருக்குப் போன வண்டி மாதிரியா இருந்தது? ஷோரூமிலிருந்து இப்போதுதான் மாலை போட்டு இறக்கிய வண்டி மாதிரி இருந்தது!

அந்தப் புது விமானத்தைப் பழசாக்குவதற்காக, எங்கள் ஊரை ஒரு நாள் முழுக்க பைக்கில் சுற்றிய கதைதான் இது. கொஞ்சம் ஏறி உட்காருங்க, போகலாம்.

தலைக்கு மேலே சுகோய்!

அடியேன் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங், மூன்றாம் ஆண்டு. சொந்த ஊர் பட்டுக்கோட்டை, படிப்பது தஞ்சாவூர் பக்கம். தெர்மல் இன்ஜினீயரிங் வகுப்பு நடக்கும்போது திடீரென்று வானம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். வாத்தியார் பேச்சை நிறுத்திவிட்டு போர்டையே பார்த்துக்கொண்டு நிற்பார். சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடருவார். எல்லாம் சுகோய்-30 செய்கிற வேலை.

தஞ்சாவூரில் 2013-ல் விமானப்படை தளம் முறைப்படி திறக்கப்பட்டது. 2020 ஜனவரியில் 'டைகர்ஷார்க்ஸ்' என்கிற 222-வது படைப்பிரிவு சுகோய்களோடு வந்து சேர்ந்தது. ஆனால், அந்த இடத்தில் விமானம் இறங்குவது அதற்கும் ரொம்ப முந்தைய கதை. இரண்டாம் உலகப் போர் காலத்தில் வெள்ளைக்காரன் போட்ட ஓடுதளம் அது. புதுக்கோட்டை ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு மதில் சுவர்தான் தெரியும். எனக்கோ அந்தச் சுவருக்குப் பின்னால் 1940-களில் எந்த விமானம் நின்றிருக்கும் என்று யோசிப்பதுதான் பஸ் டைம்பாஸ்.

அந்த யோசனை முற்றிப் போய்த்தான் மாடல் செய்யும் கிறுக்கு பிடித்தது. எதைச் செய்வது என்று தேடும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. போரின்போது சென்னை மாகாணத்து மக்களிடம் விமானம் வாங்க நிதி திரட்டியிருக்கிறார்கள். அதற்கு நன்றியாக பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 என்ற மூன்று படைப்பிரிவுகளின் பெயரோடு 'மெட்ராஸ் பிரெசிடென்சி' என்று சேர்த்துவிட்டார்கள். அதில் 79-வது பிரிவு 1942-ல் இந்தியாவுக்கே வந்து, ஹரிகேன் விமானங்களோடு பர்மாவின் அராக்கான் பக்கம் பறந்தது. 1944-ல் தண்டர்போல்ட்டுக்கு மாறியது.

எங்க தஞ்சாவூர் ஜில்லாவும் அப்போது சென்னை மாகாணம்தானே! நம்ம ஊர் காசில் பறந்த விமானமாச்சே என்று ஹரிகேனையே பிடித்துக்கொண்டேன்.

எழுபத்திரண்டில் ஒரு பங்கு

நிஜ ஹரிகேனின் இறக்கை, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை 12.19 மீட்டர். என்னுடையது 72-ல் ஒரு பங்கு. அதாவது சுமார் 17 செ.மீ. ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிற ஸ்கேலைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

அது என்ன 72 கணக்கு? ஒரு அடிக்கு இத்தனை இன்ச் என்று பேசுகிற நாட்டில் பிறந்த அளவு. ஆறு அடி ஆள், மாடலில் ஒரு இன்ச் ஆகிவிடுவான். 1953-ல் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி தன் முதல் விமான கிட்டாக ஸ்பிட்ஃபயரை இந்த அளவில்தான் விட்டது.

அதற்கு முன்பே இந்த அளவுக்கு ஒரு போர்க்கால வேலை இருந்திருக்கிறது. 1942-ல் அமெரிக்கக் கடற்படை, பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் மரத்தில் ஐந்து லட்சம் விமான மாடல்கள் செதுக்கித் தரச் சொன்னது. எல்லாவற்றுக்கும் கறுப்பு பெயின்ட். விளையாட அல்ல... வானத்தில் வருவது நம்ம விமானமா, எதிரி விமானமா என்று நிழலுருவத்தை வைத்தே அடையாளம் சொல்லப் பழகுவதற்கு!

அடையாளம் தெரியாமல் நம்ம ஆளை நம்ம ஆளே சுட்டுவிடக் கூடாது இல்லையா? அதே பயத்தில்தான் பர்மா பக்கம் பறந்த பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தில் நடுவே இருந்த சிவப்புப் பொட்டையே எடுத்துவிட்டார்கள். ஜப்பான்காரனின் சின்னம் சிவப்பு வட்டம் ஆச்சே. என் ஹரிகேனிலும் அடர்நீலம், வெளிர்நீலம் மட்டும்தான். இந்த அடையாள விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க. கடைசியில் வேண்டியிருக்கும்.

"துணியில எங்கடா தகரம் தெரியும்?"

மாடல் உலகில் 'வெதரிங்' என்று ஒரு வேலை உண்டு. வெயில், மழை, தூசு, எண்ணெய், புகை எல்லாம் பட்டு, உழைத்த மாதிரி விமானத்தைக் காட்டுவது. நண்பனின் கமென்ட்டுக்குப் பிறகு ஆவேசமாக அதில் இறங்கினேன். பல் குத்தும் குச்சியில் சில்வர் பெயின்ட்டைத் தொட்டு மூக்கிலிருந்து வால் வரை புள்ளி புள்ளியாக வைத்தேன். பெயின்ட் உரிந்து அலுமினியம் தெரிகிற எஃபெக்ட்டாம். பார்த்தால் விமானத்துக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது!

தின்னர் வாங்கி அழித்துவிடலாம் என்று எங்கள் தெருமுனையில் இருக்கிற டிங்கரிங், பெயின்டிங் பட்டறைக்குப் போனேன். அண்ணன் அப்போதுதான் ஒரு ஆம்னி வேனுக்குப் பட்டி போட்டு, வாட்டர் பேப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு விமானத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது முழுக்க தகரமா தம்பி?"

"இல்லண்ணே. இறக்கையும் முன்பாதியும்தான் தகடு. சீட்டுக்குப் பின்னாடி இரும்புக் குழாய், மரச்சட்டம்... அதுமேல துணியை இழுத்துக் கட்டி வார்னிஷ் மாதிரி ஒண்ணு அடிச்சிருப்பாங்க. வால்ல அசையற பகுதியும் துணிதான்."

"அப்ப துணியில எங்கடா தகரம் தெரியும்?"

சுரீர் என்றது. மூணு வாரம் அந்த விமானத்தின் வரலாற்றைப் படித்தவன் நான். ஒரே நிமிஷம் பார்த்தவர் அவர்! ஹரிகேனின் விசேஷமே அந்தப் பின்பாதித் துணிதான். குண்டு துளைத்தாலும் ஒட்டுப் போட்டு சீக்கிரம் மறுபடி பறக்க விடலாம். அதில் போய் அலுமினியப் புள்ளி வைத்திருக்கிறேன்.

அண்ணன் சிரித்தார். "பொஸ்தகத்தை மூடு. வண்டியை எடுத்துட்டு ஒரு நாள் ஊரைச் சுத்திட்டு வா. எது எங்க உரியுது, எது எங்க வெளுக்குதுன்னு பாரு. அப்பறம் வந்து பெயின்ட் அடி."

உப்பு, கயிறு, கால்

மறுநாள் காலை ஆறு மணிக்கு மணிக்கூண்டில் ஒரு டீயைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். நண்பனும் பின்னால் தொற்றிக்கொண்டான். (கமென்ட் அடித்ததற்குப் பரிகாரமாக பெட்ரோல் அவன் செலவு!)

முதல் ஸ்டாப் அதிராம்பட்டினம். வழியெல்லாம் தென்னந்தோப்பு. நடுநடுவே வெட்டவெளி. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் அடித்துவிட்டுப் போன இடங்கள். எங்கள் வீட்டுத் தோப்பிலும் அன்றைக்கு ஒரே ராத்திரியில் பாதி மரம் சாய்ந்தது. அப்பா வைத்த புதுக் கன்றுகள் இப்போது தலைக்கு மேல் வளர்ந்துவிட்டன. ஆனால் பழைய அடிமரங்கள் சில இன்னும் அப்படியே கிடக்கின்றன. வெயிலில் வெளுத்து, சாம்பல் நிறத்தில்.

உப்பளத்தில் வெள்ளை வெளேரென்று பாத்திகள். ஓரத்தில் ஒரு பழைய என்ஜின். உடம்பெல்லாம் துரு. ஆனால் நன்றாகப் பாருங்கள்... கைப்பிடி மட்டும் பளபளவென்று இருக்கிறது. தினமும் கை படுகிற இடத்தில் துரு உட்கார முடியவில்லை. நோட்டில் குறித்துக்கொண்டேன்.

"ஒரு கை உப்பு கிடைக்குமாக்கா?"

"எதுக்குப்பா?"

"விமானத்துக்குப் போடணும்."

"விமானத்துல என்ன ஊறுகாயா போடப் போற?" என்று சிரித்தபடி ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராஜாமடம் தாண்டி மல்லிப்பட்டினம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மராமத்து, பெயின்ட் வேலையெல்லாம் அப்போதுதான் நடக்கும். கரையேற்றி வைத்த ஒரு படகில் பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்த பெரியவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம். மேலே பச்சை, அதன் கீழே நீலம், அதற்கும் கீழே செங்கல் நிறம், அப்புறம் மரம். படகின் வயசை அடுக்கடுக்காக எண்ணலாம் போலிருந்தது.

"ஐயா, பெயின்ட் மொதல்ல எங்க போகும்?"

"கயிறு ஒரசுற எடம். கால் வச்சு ஏறுற எடம். தண்ணி வந்து வந்து அடிக்கிற கோடு. சும்மா இருக்குற எடத்துல ஏன் தம்பி போவுது?"

முடிந்தது பாடம்! சும்மா இருக்கிற இடத்தில் உரியாது. உரிந்திருந்தால் அங்கே யாரோ, எதுவோ பட்டிருக்க வேண்டும். ஹரிகேனில் விமானி இடது பக்கமாகத்தான் ஏறுவார். அப்படியானால் இடது இறக்கை உடம்போடு சேரும் இடம் தேயும். துப்பாக்கிக்கு ரவை நிரப்ப தினமும் திறக்கிற மூடியின் ஓரம் தேயும். பெட்ரோல் ஊற்றும் மூடியைச் சுற்றிக் கறை படியும். நான் வைத்த அம்மைப் புள்ளிகளுக்கு எந்தக் காரணமும் இல்லை. அதனால்தான் அது பொய்யாகத் தெரிந்திருக்கிறது.

மதிய வெயிலுக்கு மனோராவில் ஒதுங்கினோம். நெப்போலியன் வீழ்ந்ததைக் கொண்டாட, இரண்டாம் சரபோஜி மன்னர் 1814-15 வாக்கில் எழுப்பிய எட்டு நிலைக் கோபுரம். ஆறு பக்கச் சுவர். எங்கேயோ ஐரோப்பாவில் நடந்த சண்டைக்கு எங்கள் கடற்கரையில் நினைவுச் சின்னம்!

பொட்டலத்தைப் பிரித்துத் தயிர்சாதம் சாப்பிடும்போது நண்பன் கேட்டான். "நெப்போலியனுக்கும் நமக்கும் என்னடா சம்பந்தம்?"

நெப்போலியனை விடுங்க. நான் செய்துகொண்டிருக்கிற விமானத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தம் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து மலேயாவுக்கும், சென்னையிலிருந்து பர்மாவுக்கும் இந்தப் பக்கத்து ஜனங்கள் எத்தனை பேர் கப்பல் ஏறியிருக்கிறார்கள்! எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். பெரியப்பாயி. அப்பாயியின் மூத்த அக்கா. பிறந்தது ரங்கூனில். ஹரிகேன் எந்த வானத்தில் பறந்ததோ அதே வானத்தின் கீழே இருந்தவர். மூணு வாரமாக அவர் படுத்திருக்கும் அறைக்குப் பக்கத்து அறையில் விமானம் கட்டுகிறேன். ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை எனக்கு!

பழசாக்கும் படலம்

வந்ததும் வேலையை ஆரம்பித்தேன். செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக விவரமாகவே சொல்கிறேன்.

தகடு இருக்கிற இடங்களில் மட்டும் பழைய பெயின்ட்டை 1000-ம் நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்து எடுத்தேன். சில்வர் அடித்துக் காய விட்டேன். பெயின்ட் தேய்ந்திருக்க வேண்டிய இடங்களில் பிரஷ்ஷால் தண்ணீர் தொட்டு, பொடித்த உப்பைத் தூவினேன். காய்ந்ததும் உப்பு அப்படியே ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் பச்சையும் பழுப்பும் ஸ்ப்ரே. என் ஏர்பிரஷ்ஷுக்குக் கம்ப்ரஸர் கிடையாது. பட்டறை அண்ணன் கம்ப்ரஸரில் காற்றைக் குறைத்து மாட்டிக்கொடுத்தார். பெயின்ட் காய்ந்ததும் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் உப்பு உதிர்ந்து, அடியில் சில்வர் எட்டிப்பார்க்கும். குச்சியால் வைத்த புள்ளி மாதிரி இல்லை. நிஜமாகவே உரிந்த மாதிரி!

இங்கே கணக்கு முக்கியம். மாடலில் ஒரு மில்லிமீட்டர் உரிந்தால், நிஜத்தில் அது 7.2 செ.மீ. உள்ளங்கை அகலம்! அதனால் உப்பை மாவு மாதிரி நைசாகப் பொடித்தேன்.

அடுத்து 'வாஷ்'. முதலில் பளபளப்பு வார்னிஷ். பிறகு அடர்பழுப்பு ஆயில் பெயின்ட்டைத் தண்ணீராகக் கரைத்து விட்டால், தகடுகள் சேரும் கோடுகளில் அதுவாகவே ஓடும். மிச்சத்தைத் துடைத்துவிட்டு, பளபளப்பே இல்லாத மேட் வார்னிஷ். புகைபோக்கிக்குப் பின்னால் கறுப்பு சாக்பீஸ் தூள். பின்பாதித் துணிக்குச் சில்வரே கிடையாது. வெயிலில் வெளுத்த மாதிரி பெயின்ட்டில் கொஞ்சம் வெள்ளை கலந்து மெல்லிசாக ஒரு பூச்சு. எங்கள் கொல்லைத் தென்னை அடிமரம்தான் அதற்கு மாதிரி.

பத்து நாள் ஆனது. நண்பன் வந்து பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. செல்போனில் போட்டோ எடுத்தான். அதுவே சர்டிபிகேட்!

சக்கரத்தை உள்ளே மடக்கி, பறக்கிற மாதிரிதான் கட்டியிருந்தேன். கூடத்து உத்தரத்தில் தூண்டில் நரம்பு கட்டித் தொங்கவிட வேண்டும் என்பது என் ஆசை. ஸ்டூலைப் போட்டு ஏறும்போது, கட்டிலில் இருந்த பெரியப்பாயி கூப்பிட்டார்.

"என்னடா தம்பி அது? கொண்டா பாப்போம்."

"எல்லாம் ஒரே வயிறுதான்"

பெரியப்பாயிக்கு வயசு தொண்ணூறு. கண் மங்கல். விமானத்தை இரண்டு கையிலும் வாங்கி, நான் பத்து நாள் பாடுபட்ட மேல்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகத் தலைகீழாகத் திருப்பினார்.

"இப்படித்தான் தெரியும்" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அடிப்பக்கத்தில் நான் எந்த வேலையும் செய்திருக்கவில்லை. சாம்பல் பெயின்ட் அடித்ததோடு சரி. அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டிருந்தேன்.

"ரங்கூன்ல எங்கப்பாவுக்கு ரைஸ் மில்லுல வேல. எனக்கு ஆறு வயசு. சத்தம் கேட்டுச்சு. எல்லாரும் தெருவுல வந்து அண்ணாந்து வேடிக்க பாத்தாங்க. திருவிழா மாரி. நானும்தான் பாத்தேன். அப்பறம் குண்டு வுழுந்துச்சு."

1941 டிசம்பர் 23. ரங்கூன் மீது ஜப்பான் குண்டு வீசிய முதல் நாள். ஜனங்கள் பதுங்காமல் தெருவில் நின்று வேடிக்கை பார்த்ததால்தான் அவ்வளவு பேர் செத்தார்கள் என்று படித்திருக்கிறேன். படித்தது வேறு. அண்ணாந்து பார்த்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது வேறு.

"இது நம்ம பக்கத்து விமானம் பெரியப்பாயி. ஜப்பான்காரனை விரட்டப் போனது. அடுத்த மாசமே ரங்கூனுக்கும் ஹரிகேன் வந்துச்சு. நம்ம மாகாணத்துல காசு வசூல் பண்ணிக்கூட..."

"எது நம்முளுது, எது அவனுதுன்னு யாருக்குடா தெரியும்? கீழேருந்து பாத்தா எல்லாம் ஒரே வயிறுதான். சத்தம் கேட்டா பள்ளத்துல படுத்துக்குவோம்."

அம்மாவும் பிள்ளைகளும் கப்பலில் சென்னைக்கு வந்துவிட்டார்கள். அப்பாவுக்கு இடம் கிடைக்கவில்லை. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டிலும் மலையிலும் நடந்தே ஊர் திரும்பினார்கள். அதில் அவரும் ஒருவர். வாசலில் வந்து நின்றபோது பெற்ற மகளுக்கே அடையாளம் தெரியவில்லையாம். "யாரோ பிச்சக்காரருன்னு அரிசி எடுக்க உள்ள ஓடுனேன்டா" என்றார் பெரியப்பாயி.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஸ்டூலையும் உத்தரத்தையும் பார்த்தவர், மெதுவாகச் சொன்னார்.

"மேல கட்டாத தம்பி. தலைக்கு மேல வேணாம். கீழ எறக்கி வையி. எறங்கி நிக்கிறதுன்னா பயமில்ல."

அன்று ராத்திரி பிளேடை எடுத்து, ஒட்டியிருந்த சக்கரக் கதவுகளைப் பிரித்தேன். ஒன்று உடைந்தது. அட்டையில் புதுசாக வெட்டி வைத்தேன். டப்பாவில் சும்மா கிடந்த சக்கரங்களை எடுத்து மாட்டினேன். வேட்டித் துணியில் சலித்த செம்மண்ணை டயரில் பூசினேன். அப்புறம் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, முதல் முறையாக அதன் வயிற்றைக் கவனித்தேன். என்ஜின் ஆயில் வழிந்து காற்றில் பின்னால் ஓடிய கறை, சக்கரம் வாரியடித்த புழுதி... மேல்பக்கத்துக்குச் செய்த அத்தனை வேலையையும் அங்கேயும் செய்தேன். ஷோகேஸில் நின்றால் அந்தப் பக்கம் யாருக்கும் தெரியாதுதான். தெரிந்த ஒருவர் வீட்டில் இருக்கிறாரே!

இப்போது என் ஹரிகேன் கூடத்து அலமாரியில், பெரியப்பாயியின் வெற்றிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் இறங்கி நிற்கிறது. தஞ்சாவூரிலிருந்து சுகோய் பறந்து சத்தம் கேட்கும் நாட்களில் அவர் ஒரு தடவை அலமாரியைத் திரும்பிப் பார்த்துக்கொள்கிறார்.

நேற்று அம்மா தூசு தட்ட ஒட்டடைக் குச்சியோடு வந்தார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். பட்டுக்கோட்டைப் புழுதிம்மா... ஒரிஜினல் வெதரிங்!